வால்வைத் திறந்து வைத்திருந்த பத்து நாள்

அன்புள்ள மகனுக்கு,

பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிக்கலாம். நேரில் சொன்னால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், நீயும் பாதியில் எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை மருமகள் கிரேஸ் படிக்கலாம், உன் அம்மாவும் படிக்கலாம். உன் வண்டியை வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிரேஸ் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் சரி, அந்தக் கக்கூஸ் தொட்டிய யாரு காலி பண்ணுவா?" நீ சோற்றைப் பிசைந்தபடியே, "அதுக்கு ஒரு ஆள் வச்சுக்கிடலாம், கூப்பிட்டா வந்துட்டுப் போறாவ" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, தொட்டியப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். ஒரு தாள்ல எழுதித் தாங்க, அந்த ஆள்ட்ட குடுத்திருதேன்" என்றாய். சரி என்று தலையாட்டினேன். மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

முதலில் நீ கேட்டதை எழுதிவிடுகிறேன். நீ வாங்கியிருக்கிற, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவனில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. நல்ல தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் ஒரு தொட்டிக்குப் போகும். கழிப்பறைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. உனக்கு வரப்போகிற தலைவலி எல்லாம் அந்த மூன்றாவதில்தான். அதன் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். காலி செய்தவுடன் மறுபடி மூடி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். முக்கால்வாசி நிறைந்த பிறகுதான் திறக்க வேண்டும். நிறைந்த தண்ணீர் ஒரே இழுப்பாக வெளியேறும்போதுதான் அடியில் கிடப்பதையும் வாரிக்கொண்டு போகும். கழிப்பறைத் தொட்டியை முதலில் காலி செய், குளியல் தண்ணீர் போகிற தொட்டியை அதற்குப் பிறகு செய். சோப்புத் தண்ணீர் ஹோஸ் குழாயைக் கழுவிக் கொடுத்துவிடும். இந்த வரிசையை மாற்றாதே. தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று சுவரில் எரிந்து காட்டும் விளக்குகளை நம்பாதே. உள்ளே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியையும் நிறைந்தது என்று காட்டும். டார்ச்சு அடித்துக் கண்ணால் பார். நாற்றம் வருகிறதே என்று ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றாதே. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். நாற்றம் பெரும்பாலும் தண்ணீர் போதாததால்தான் வரும்.

இவ்வளவுதான் நீ கேட்ட தாள். இதில் முதல் விதியை, வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பதை, நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எப்படித் தெரிந்துகொண்டேன் என்று உங்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை.

நான் லாரியை விட்டுவிட்டு சினிமாக் கேரவன் ஓட்டப் போன இரண்டாவது வருடம் அது. நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாய். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒரு மாதம் படப்பிடிப்பு. வாய்க்கால் கரையை ஒட்டின தென்னந்தோப்பில் என் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். கதாநாயகிக்கும் அவளோடு வந்த நாலு பேருக்கும் அந்த வண்டிதான் ஓய்வறை, உடை மாற்றும் இடம், கழிப்பறை எல்லாம். மூன்று நாளைக்கு ஒருமுறை தொட்டி நிறையும். நிறைந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய், செப்டிக் டேங்க் லாரி நிற்கிற இடத்தில் அதற்குள் ஏற்றிவிட்டு வர வேண்டும். போகவர இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வண்டியை அனுப்ப புரொடக்‌ஷன் மேனேஜருக்கு மனம் வராது. வெயிலில் அந்த அம்மா எங்கே உட்காருவார் என்று கத்துவார். அவரைக் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அதிகாலையில் எல்லோரும் எழுவதற்கு முன் நான் போய்வந்திருக்கலாம். எனக்குத் தூக்கம் பெரிதாக இருந்தது.

அதனால் ஒரு வழி செய்தேன். ஹோஸ் குழாயை வால்வில் மாட்டி, கரைச் சரிவில் இறக்கி, தாழம்புதருக்குப் பின்னால் வாய்க்காலுக்குள் அதன் வாயை விட்டேன். வால்வைத் திறந்தே வைத்தேன். வருகிறது வரவரப் போய்விடும், தொட்டி நிறையவே நிறையாது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் மனத்தில் ஒரு உறுத்தல் இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது. இவ்வளவு தண்ணீரில் இது என்ன தெரியப்போகிறது என்று தோன்றிற்று. அப்படிப் பத்து நாள்.

பத்தாம் நாள் மத்தியானம் கழிப்பறைக் கோப்பை வழியாக அழுக்குத் தண்ணீர் மேலே ஏறி வந்துவிட்டது. திறந்த வால்வு வழியாகத் தண்ணீர் மட்டும் வடிந்து போயிருக்கிறது, கெட்டியானதெல்லாம் உள்ளேயே தங்கிக் காய்ந்து, வால்வு வாயில் மேடு கட்டி நின்றுவிட்டது. அப்போது எனக்கு இது விளங்கவில்லை. குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அசையவில்லை. கதாநாயகி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் காரில் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் ஓடிவந்தார்.

"என்னய்யா இது? இப்பவே சரி பண்ணு."

"சார், உள்ள கையை விட்டு எடுக்கணும் போல இருக்கு" என்றேன்.

"விடேன்."

"நான் டிரைவர் சார். அது என் வேலை கிடையாது."

அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம் வீட்டில் வாத்தியார்களும் கிளார்க்குகளும் இருந்தார்கள். வண்டி ஓட்டப் போனதே ஒரு படி இறக்கம் என்று உன் தாத்தா நினைத்தார். இதற்கும் கீழே இறங்க மாட்டேன் என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்க வேண்டும் அல்லவா, அதைப் பற்றி நினைக்கவில்லை. மேனேஜர் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினார். அரைமணி நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வந்தார். சுடலைமுத்து என்று பெயர். பேரூராட்சியில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். என் வயதுதான் இருக்கும். நான் அன்று அவரை 'லே' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்.

வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். அதைக் கழற்றி, மடித்து, சைக்கிள் கைப்பிடியில் வைத்தார். வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "கையுறை எதுவும் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் பெட்டியில் ஒரு ஜோடி இருந்தது, ஜெனரேட்டரைத் தொடும்போது போடுகிற தடித்த ரப்பர் கையுறை. கொடுத்தால் அதற்குப் பிறகு நான் எப்படிப் போடுவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் இல்லை என்று வாய் சொல்லிவிட்டது. இந்தக் கடிதத்தில் எதை எழுதாமல் விட்டாலும் இதை விடக் கூடாது என்றுதான் மூன்று தாளைக் கிழித்தேன்.

அவர் மல்லாந்து படுத்து, ஹோஸைக் கழற்றிவிட்டு, வால்வு வாய்க்குள் வெறுங்கையை முழங்கை வரை விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்தார். பிறகு ஒரேயடியாக அடைப்பு விட்டது. அவருக்கு விலக இடம் இல்லை. முகத்திலிருந்து இடுப்பு வரை நனைந்துவிட்டது. பதறிக் கையை வெளியே இழுத்தபோது வால்வின் தகட்டு விளிம்பு விரலில் கிழித்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து வாய்க்காலுக்கு நடந்தார். பக்கத்தில் இறங்காமல் மேல்பக்கமாக வெகுதூரம் நடந்து போய் இறங்கினார். கழுவிவிட்டுத் திரும்பி வரும்போது தாழம்புதர் அருகில் நின்றுவிட்டார். கரையில் கிடந்த ஹோஸையும் அதன் வாயையும் பார்த்தார். நான் அருகில் போனேன்.

"வால்வ அடைச்சுப் போட்டிருந்தா இப்படி ஆவாது அண்ணாச்சி" என்றார். "உள்ள தண்ணி நிக்கணும்லா? இது தொறந்தே கெடந்துருக்கு."

நான் குனிந்து ஹோஸின் வாயை வாய்க்காலுக்குள்ளிருந்து இழுத்துப் போட்டேன்.

"எத்தன நாளா?"

"பத்து நாளிருக்கும்."

அவர் தண்ணீர் ஓடுகிற திசையில் பார்த்தார். "அந்தா தெரியுதுல்லா பாலம், அதுக்கு அங்கன எங்க தெரு. குளிக்கது, பாத்திரம் வெளக்கது எல்லாம் இதுலதான். நாலஞ்சு நாளா பிள்ளையளுக்கு வயித்தால போவுது. என் தங்கச்சி மவளுக்கு நேத்து குளுக்கோஸ் ஏத்திக் கெடக்கு. அணையிலருந்து புதுத் தண்ணி வந்துருக்கு, அதான்னு நெனச்சோம்."

அப்போது மேனேஜர் கரைக்கு வந்தார். "எதனாலப்பா அடைச்சுது?" என்று அவரிடமே கேட்டார். சுடலைமுத்து என்னைப் பார்க்காமல், "பழைய வண்டி சார். அப்படித்தான் அடைக்கும்" என்றார். காட்டிக்கொடுக்காத நல்ல மனிதர் என்று எனக்குள் ஒரு நிம்மதி. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி போனார்.

அன்று வால்வை மூடினேன். மூன்று நாள் கழித்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து வீடு எது என்று கேட்டேன். அவர் மனைவி வெளியே வந்து, "நீங்க சினிமா வண்டிக்காரரா? அவுக கை வீங்கிப்போயி பெரியாஸ்பத்திரியில கெடக்காக" என்றார். அவர் தங்கை மகள் தேறிவிட்டாளா என்று கேட்டேன். தேறிவிட்டாள், இன்றைக்குத்தான் கஞ்சி குடித்தாள் என்றார். அவ்வளவு பேர் அங்கே நின்றார்கள். பிள்ளைகளுக்கு ஏன் நோய் வந்தது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அடிப்பார்கள் என்று பயந்தேன். அவர்கள் அடித்திருந்தாலும் நியாயம்தான். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். உன் அம்மாவுக்கு இது இந்த நிமிடம் வரை தெரியாது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆள்காட்டி விரலில் சீழ் பிடித்து மேல் கணுவை எடுத்திருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "வால்வ அடைச்சிட்டியளா?" என்பதுதான்.

"அன்னைக்கே அடைச்சாச்சு" என்றேன். பிறகு கேட்டேன்: "தப்பு என்னுதுன்னு மேனேஜர்ட்ட நீரு சொல்லியிருக்கலாம்லா? என்னைக் காப்பாத்தணும்னு உமக்கு என்ன வந்துச்சு?"

"உங்களக் காப்பாத்தணும்னா நான் அப்படிச் சொன்னேன்? டிரைவர் மேல குத்தம் சொன்னாம்னு பேரு வந்துட்டா அடுத்த தடவ யாரு என்னக் கூப்பிடுவா? உங்க வண்டி நாளைக்கு மெட்ராஸ் போயிரும். நான் இங்கனதான கெடக்கணும்."

மன்னிப்பு என்கிற வார்த்தையைச் சொல்லத்தான் போயிருந்தேன். அதை வாங்கிக்கொள்கிற நிலையில் அவர் இல்லை என்று பட்டது. அதுவும் என் சமாதானமாக இருக்கலாம். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு எழுந்தேன். தோப்புக்குத் திரும்பியதும் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். அவர் தோளில் தட்டி, "விடுய்யா, படம் முடியட்டும்" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். உண்மையைச் சொன்னதால் எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. அதனால் அதைச் சொன்னதாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு வேலையை விடும் வரைக்கும் என் வண்டித் தொட்டியை நான்தான் காலி செய்தேன். அதிகாலையில் எழுந்து போவேன், வெயில் ஏறும் முன் திரும்பி வந்து நிறுத்துவேன். அடைப்பு ஒன்றிரண்டு முறைதான் வந்தது, அதையும் நானே எடுத்தேன். சாப்பிடும்போது மற்ற டிரைவர்கள் என்னைப் பக்கத்தில் உட்கார விடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் உட்கார்ந்த பிறகு அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். இதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் வாங்க எழுதவில்லை. சில நேரத்துக்கு எனக்கு வந்தது, சுடலைமுத்துவுக்கு ஆயுள் முழுக்க இருந்தது என்று அளந்து பார்க்க அது உதவியது.

நீ ஒரு முறை பார்த்தாய். பாபநாசத்தில், பாலிடெக்னிக் கடைசி வருடம், கூட்டாளிகளோடு அருவிக்கு வந்திருந்தாய். நான் முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன், "எலே, இது சினிமா வண்டிலே, உள்ள யாரு இருக்கா?" என்று ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் நீ. நம் கண்கள் சந்தித்தன. நீ அவன் தோளைப் பிடித்து, "வாலே போவோம், நாறுது" என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாய். அந்த வாரம் நான் வீட்டுக்கு வந்தபோது நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. உன்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை. உன் வயதில் நான் இருந்திருந்தால் இன்னும் வேகமாக நடந்திருப்பேன். நான் ஏன் அதைச் செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் உனக்கு நிற்கத் தோன்றியிருக்குமோ என்னவோ. சொல்லாதது என் பிழை. அப்பாவுக்கு இதுதான் கிடைத்த வேலை போலிருக்கிறது என்று நீ நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டேன்.

இப்போது நீ கங்கைகொண்டானில் பன்னிரண்டு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியை வாங்கியிருக்கிறாய். திங்கட்கிழமை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. மணிமுத்தாறு, பாபநாசம், பிறகு ஆற்றோரமாகவே இறங்கிக் குலசேகரன்பட்டினம் கடற்கரை வரை நாலு நாள். நல்ல பாதைதான். கிளம்புவதற்கு முன்பே தொட்டியை எங்கே காலி செய்வது என்று ஃபோன் பண்ணிக் கேட்டு முடிவு செய்துகொள். மாநகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் செப்டிக் லாரிக்காரர்களுக்கு ஒரு நேரம் உண்டு, அதே நேரத்தில் உன்னையும் விடுவார்களா என்று கேள். வழியில் தங்குகிற லாட்ஜில் செப்டிக் டேங்க் பெரிதாக இருந்தால் அனுமதி வாங்கி அதில் விடலாம். இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடு. நிறைந்த தொட்டியோடு மேட்டில் ஏறாதே, உள்ளே தண்ணீர் அலைகிற ஆட்டம் பின்வண்டியை இழுக்கும். யாரும் இல்லாத வாய்க்கால் கரை ஒன்று கட்டாயம் வழியில் வரும். நம் கண்ணில் படாதவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள்.

ஆள் வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி கூடாது என்பது உனக்குத் தெரியும். நீ யாரையும் தொட்டிக்குள் இறக்கப்போவதில்லை, ஹோஸை மாட்டி எடுக்கத்தானே என்று சொல்வாய். நானும் ஹோஸில்தான் ஆரம்பித்தேன். கூப்பிட்டால் ஒருவர் வருவார் என்று தெரிந்த நாளிலிருந்து வால்வை மூட நீ மறப்பாய். நீ கெட்டவன் என்பதால் அப்படி நடக்காது. கையை விடப்போவது வேறொருவர் என்று தெரிந்தால் யாருக்கும் மறந்துபோகும். வேறு எந்த வேலைக்கு வேண்டுமானாலும் ஆள் வைத்துக்கொள். இந்த ஒன்றை நீயே செய்.

கடைசியாக ஒன்று. போன வருடம் தசராச் சமயம் உன் அம்மாவின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு ஏரல் போயிருந்தேன் அல்லவா? சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு மாலை போட்டவர்கள் கூட்டமாக நின்றார்கள். சிவப்பு வேட்டி கட்டினவர் ஒருவர் என் எதிரே வந்து நின்று, "கேரவன் அண்ணாச்சிதான?" என்றார். சுடலைமுத்து. தலை முழுக்க நரைத்திருந்தது. பேரூராட்சி வேலையை விட்டாயிற்றாம், மகள் நர்சிங் முடித்துவிட்டாளாம். நின்றுகொண்டே டீ குடித்தோம்.

"இன்னும் வண்டி ஓட்டுதியளா?"

"இல்ல, விட்டாச்சு. மகன் ஒரு கேரவன் வாங்கப் போறான். டூரிஸ்டுக்கு விடுதானாம்."

அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார். "அந்தத் தொட்டிய யாரு கழுவுவா?"

"என் மகன்தான்" என்றேன்.

"படிச்ச பிள்ளைலா? செய்வானா?"

"செய்வான்."

திருச்செந்தூர் பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் போய்விட்டார். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் காப்பாற்று என்று உன்னை அதட்ட எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த மனிதருக்கு நான் இதுவரை கொடுத்தது அது ஒன்றுதான்.

அப்பா